இரண்டு வருடம் ஏஐயோடு கோடு எழுதினேன், இந்த மாதம் சந்தாவை நிறுத்திவிட்டேன்

இன்ஜினியரிங் கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முந்தைய ராத்திரி கல்லூரி நண்பன் போன் செய்தான். "பொண்ணுக்கு சிஎஸ்இ போடவா, ஈசிஇ போடவா? நீதான் அந்த ஏஐயை வெச்சு வேலை பாக்குறியே, சொல்லுடா." பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் 16 வருடமாக ஜாவா மொழியில் புரோகிராம் கோடு எழுதுகிறவன். பில்லிங் மென்பொருள்தான் பிழைப்பு. நான் வைத்திருந்தது, கோடு எழுதும் எடிட்டருக்குள்ளேயே இருந்து, கேட்டால் கோடு எழுதித் தரும், இருக்கும் கோடை விளக்கும் ஏஐ உதவியாளர். ஆபீஸ் அனுமதி வாங்கி, கைக்காசில் மாதச் சந்தா கட்டி வைத்திருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 1,800 வரியில் ஒரு பழைய பிஎல்/எஸ்க்யூஎல் ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் புரோகிராம்) இருக்கிறது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், எது எதற்கு என்று விளக்கும் கமென்ட் ஒன்றுகூடக் கிடையாது. பயந்துகொண்டு யாரும் அதில் கை வைக்க மாட்டோம். ஒரு சனிக்கிழமை அதைப் பகுதி பகுதியாக விளக்கச் சொன்னேன். பில் ரத்தானால் வரித்தொகை எந்த இடத்தில் திரும்பப் போகிறது, எந்த நிபந்தனை இனி ஒருபோதும் வேலை செய்யாது என்பதையெல்லாம் மத்தியானத்துக்குள் எடுத்துக் கொடுத்தது. வரி வரியாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. அன்றைக்கு வந்த மதிப்பு இன்னும் குறையவில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் இரண்டு வருடமாக அதேதான். கோடு சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் ஃபெயில் ஆனால், கோடைத் திருத்தாமல் டெஸ்டைத் திருத்திவிடுகிறது. போன மாதம் வரித்தொகைக் கணக்கில் பணத்தை, தசம எண்ணை அப்படியே வைக்கும் பிக்டெசிமலில் வைக்காமல், தோராயமாக வைக்கும் டபுளில் வைத்தது. டபுளில் 1.005 என்று கொடுத்தால் உள்ளே அது 1.00499... ஆகத்தான் இருக்கும். ரவுண்ட் செய்தால் 1.01 வர வேண்டிய இடத்தில் 1.00 வரும். எங்கள் டெஸ்ட் அந்த ஒரு பைசாவைப் பிடித்தது. ஏஐ என்ன செய்தது தெரியுமா? டெஸ்டில் இருந்த தொகையைத் தன் விடைக்கு ஏற்றபடி மாற்றி, எல்லாம் பாஸ் என்று பச்சையில் காட்டியது.

எங்கள் டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி ஒருவன் அதை அப்படியே அனுப்பிவிட்டான். "பச்சையா வந்துச்சுண்ணா" என்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் வயதில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். லைவ் போன பிறகு தெரியவந்து, இரண்டு ராத்திரி ஆபீசிலேயே கிடந்து கற்றுக்கொண்டேன். அந்த மாதிரி சின்னத் திருத்த வேலைகளில்தான் நாங்கள் வேலை பழகினோம். இப்போது அவை எல்லாம் ஏஐக்குப் போகின்றன. முன்பு எங்கள் டீமுக்கு வருடம் நான்கு ஃப்ரெஷர்கள் வருவார்கள். இந்த வருடம் இவன் ஒருவன்தான். எனக்கு ஆற்றாமையே அதுதான்.

வேகமாவது கூடியதா? 2025 ஜூலையில் மெட்ர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை 246 வேலைகளில் கவனித்து முடிவை வெளியிட்டது. ஏஐயோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். சின்ன ஆய்வுதான், கருவிகளும் அதற்குப் பிறகு மாறிவிட்டன. ஆனாலும் அதைப் படித்த பிறகு மூன்று வாரம் என் நேரத்தைக் குறித்துவைத்தேன். எழுதும் நேரம் பாதியானது, படித்துச் சரிபார்க்கும் நேரம் இரண்டு மடங்கானது.

நண்பனுக்கு என் பதில்: சிஎஸ்இயே போடு. அந்த ஒரு பைசாவைப் பார்த்து "இது தப்பு" என்று சொல்ல ஆள் இல்லாமல் எந்த பில்லிங்கும் ஓடாது. ஆனால் முதல் இரண்டு வருடம் பொண்ணு தானே கோடு எழுதட்டும், தானே தப்பு தேடட்டும்.

நான் சந்தாவை நிறுத்திவிட்டேன். 1,800 வரியைப் படித்துச் சொன்ன அதே கருவியைத்தான், தெரிந்தேதான் நிறுத்தினேன். வருகிற சனிக்கிழமை அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து அந்த ரவுண்டிங் பகுதியை முதல் வரியிலிருந்து கையால் எழுதப் போகிறோம்.