வெள்ளவத்தையில் பக்கற் பால் சொதி

பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. கனடாவின் ஸ்காபரோவில் பிஸ்கற் வாங்கினாலும் பக்கற்றைத் திருப்பி, பின்பக்கம் இருப்பதை வாசித்துவிட்டுத்தான் கூடைக்குள் போடுவேன். கொழும்புக்குப் போகிறேன் என்றதும் மனசுக்குள் ஒரு நிம்மதி. சொதி, பருப்பு, கிழங்குப் பிரட்டல், பிஞ்சுப் பலாக்காய்க் கறி என்று எல்லாமே தேங்காய்ப்பாலில் இறங்கும் ஊர். அங்கே போயும் எதை வாசிக்க வேண்டும்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு சைவக் கடை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டும் வைத்தேன்.

"தம்பி, சொதிக்கு மாட்டுப்பால் ஒண்டும் விடுறேல்லைத்தானே?"

"இல்லை அக்கா, தனித் தேங்காய்ப்பால்தான்."

வந்த சொதியைப் பார்த்ததுமே ஏதோ இடித்தது. ஒரே சீரான வெள்ளை, தண்ணீர் ஒரு பக்கமும் பால் ஒரு பக்கமுமாகப் பிரியவே இல்லை. வாயில் வைத்தால் தேசிப்புளிக்கு அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. வீட்டில் வைக்கிற சொதி இப்படி இருக்காது. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் எல்லாம் இரண்டாந்தரம் பிழிந்த கப்பிப்பாலில் அவிந்து, கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி வரும் முன்பே இறக்கிவிட வேண்டும். அடுப்பால் இறக்கிய பிறகுதான் புளி. கொஞ்சம் கூடக் கொதித்தாலே திரைந்துவிடும் என்று அம்மா அடுப்படியை விட்டு நகர மாட்டா. ஆறினால் மேலே எண்ணெய் படரும், அகப்பையால் கலக்கிவிட்டுத்தான் பரிமாறுவா. இங்கே பாதிச் சாப்பாட்டில் கிண்ணம் நன்றாக ஆறிவிட்டது. சொதி வந்தபடியே இருந்தது.

எழும்பிப் போய்க் காசு மேசையில் இருந்த ஐயாவிடம் கேட்டேன். எழுபது வயதிருக்கும், திருநீறு பூசிய நெற்றி. அவர் ஒளிக்கவில்லை. "பக்கற் பால் பிள்ளை. இப்ப கன இடத்தில இதுதான்" என்று சொல்லி, கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெரிய பக்கற்றையும் எடுப்பித்துத் தந்தார். தேங்காய்ப்பால் தூள். முன்பக்கம் உடைத்த தேங்காய்ப் படம். பின்பக்கம் பொடி எழுத்து: தேங்காய்ப்பால், மோல்ட்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட்.

"ஐயா, இதில மாட்டுப்பால் இருக்கு."

"எங்க? பால் எண்டு போடேல்லையே. அது மருந்துப் பேர்."

விளக்கிச் சொன்னேன். பால் திரையும்போது கட்டியாக வருகிறதே, அந்தப் புரதத்துக்குத்தான் கேசின் என்று பெயர். அதைப் பிரித்தெடுத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றியது சோடியம் கேசினேட். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். அதை அப்படியே தூளாக்கினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், மறுபடி தண்ணீரிலும் கரையாது. அதனால் கொழுப்புத் துளிகளைச் சுற்றி ஒரு புரத உறை போட்டு, மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாப்பொருளையும் சேர்த்து, சூடான காற்றில் சீறி அடித்துக் காய வைக்கிறார்கள். அந்த உறைதான் ஆறினாலும் சொதியைப் பிரியாமல் வைத்திருக்கிறது. நாக்கில் தட்டிய இனிப்பு மாப்பொருளின் வேலை.

எனக்கு இது மன விருப்பம் சம்பந்தமான விஷயம், ஒரு கிண்ணத்தால் உயிர் போய்விடாது. ஆனால் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். பாற்சர்க்கரை செரிக்காதவர்களுக்கு இந்தச் சிறு அளவு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நிலைமை வேறு, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சமே போதும் மூச்சு அடைக்க. வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தாய், "தனித் தேங்காய்ப்பால்" என்ற பதிலை நம்பி ஊட்டிவிட்டால்? அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்குக் கூடப் பயம். கனடாவில் 2012 முதல் பொதி செய்த உணவுகளில் பாலிலிருந்து வந்த எதுவானாலும் அது பால் என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். கேசினேட் என்று மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. எத்தனையோ விஷயங்களில் அந்த நாட்டைக் குறை சொல்லுகிற நான், இந்த ஒன்றில் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவேன்.

ஏன் பக்கற்றுக்கு மாறினார்கள் என்று கேட்டால் ஐயாவிடம் ஒரே பதில்தான். "தேங்காய் விக்கிற விலைக்குப் பிழிஞ்சு கட்டுமோ?" நியாயம் இல்லாமல் இல்லை. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு காய் 200 ரூபாயைத் தொட்டது. அதோடு திருவ ஒரு ஆள், பிழிய ஒரு ஆள். பின்னேரம் மிஞ்சினால் தேங்காய்ப்பால் புளித்துவிடும், தூள் அலமாரியில் இருக்கும். கணக்கு விளங்குகிறது. ஆனாலும் தென்னை நிற்கும் ஊரில், சைவக் கடைக்குள் இருந்து, தேங்காய்ப்பால் என்று சொல்லி மாட்டுப்பால் புரதத்தை என் கிண்ணத்தில் ஊற்றினால் என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஸ்காபரோவில் பனிக்காலத்தில் உறைந்த தேங்காய்ப்பூப் பக்கற்றை வெந்நீரில் இளக்கிக் கையால் பிழிகிறேன். தகரத்தில் வாங்கினாலும் தேங்காய், தண்ணீர், தடிப்பாக இருக்க ஒரு பிசின், அவ்வளவுதான்.

எங்கள் கதையைக் கேட்டுச் சமையல்கார அண்ணை வெளியே வந்தார். மட்டக்களப்புப் பக்கம் ஆள். "சம்பலுக்கு எப்படியும் தேங்காய் திருவுறம்தானே ஐயா, கூட ரெண்டு காய் திருவினா என்ன?" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பின்னேரம் வாங்கோ தங்கச்சி, பிழிஞ்சு வைக்கிறன்." போனேன். மேலே மெல்லிசாக எண்ணெய் படர்ந்து, அடியில் கொஞ்சம் திரைந்த, அச்சொட்டான ஊர்ச் சொதி. இரண்டு கிண்ணம் குடித்தேன். ஐயா காசு வாங்க மாட்டேன் என்றார், நான் விடவில்லை.

தேத்தண்ணிக் கதை இன்னொரு பாடு. சொந்தக்காரர் வீடுகளில் பால் தேத்தண்ணி வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. 2021இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். அந்த ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலையை எடுத்ததும் விலை ஏறிய ஏற்றத்தை இன்னும் மறக்கவில்லை. விருந்தாளிக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பது அவர்களுக்கு மரியாதை. "வெறுந்தேத்தண்ணி தந்தோ உன்னை அனுப்புறது?" என்று மாமி கண் கலங்கினா. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும்தான் எனக்கு உலகத்திலேயே பிடித்த பானம் என்று சொல்லி, இரண்டு கோப்பை வாங்கிக் குடித்த பிறகுதான் சமாதானம் ஆனா. முழுக்க உண்மையைத்தான் சொன்னேன். தாவரப் பால் எதுவும் தேயிலையோடு எனக்குச் சரிவந்ததில்லை. சோயா சூட்டில் திரைகிறது, பயற்றம் வாடை வேறு. பாதாம் பால் தண்ணீர். ஓட்ஸ் பால் கோப்பிக்கு நல்லது, தேத்தண்ணிக்கு இனிப்புக் கூட. ஓட்ஸில் உள்ள மாச்சத்தை நொதி போட்டு உடைப்பதால், சீனி சேர்க்காவிட்டாலும் அது இனிக்கும். கொழும்பு 7இல் ஒரு கோப்பிக் கடையில் அந்த ஓட்ஸ் பாலுக்குத் தனிக் காசு வாங்கினார்கள். ஸ்டார்பக்ஸ் கனடாவில் 2024இல் அந்த மேலதிகக் காசை எடுத்துவிட்டது. சரி, இறக்குமதிச் சாமான், அதில் எனக்குக் கோபம் இல்லை.

மீன் சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சைவக் கடைக்கு வெளியே பேக்கரிச் சீனிச்சம்பல் பணிசை நம்ப வேண்டாம், மாசிக் கருவாடு இருக்கும். சோற்றுக் கடையில் "உம்பலகட எபா" என்று, அதாவது மாசி வேண்டாம் என்று, சிங்களத்தில் முதலே சொல்லிவிடுங்கள். பருப்புக் கறியிலும் போடுவார்கள்.

இனி நல்லது ஒன்று சொல்ல வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் விடியக் காலையில் நடக்கப் போனபோது, ஒரு சிங்கள அம்மா சிறு மேசை போட்டுக் கொலகெந்த விற்றுக்கொண்டிருந்தா. வல்லாரையை இடித்துச் சாறெடுத்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு கலக்கிய பச்சை இலைக்கஞ்சி, கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அரைகுறைச் சிங்களத்தில் பக்கற் பாலா என்று கேட்டேன். அவவுக்கு நான் கேட்டது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மேசைக்குக் கீழே இருந்த வாளியைக் காலால் முன்னுக்குத் தள்ளிக் காட்டினா. நிறையச் சக்கை, இன்னும் ஈரம் காயவில்லை. தன்னந்தனியாக, விடிய முன்பே எழும்பி, அதே விலைத் தேங்காயைத் திருவிப் பிழிந்து விற்கிறா. பெரிய கடைகள் முடியாது என்று சொல்லும் வேலை இது. ரொறன்ரோவில் பச்சைச் சாறு என்று கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் கொள்ளை விலைக்கு விற்கும் எதுவும் இந்தக் கஞ்சிக்குக் கிட்ட வராது. பிறகு ஒவ்வொரு காலையும் அங்கேதான் நின்றேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடைக்கார ஐயாமாருக்கு ஒன்று கேட்கிறேன். பக்கற் பால் பாவிக்கத்தான் வேண்டுமென்றால், விலைப் பலகையில் சொதிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: பால் புரதம் உண்டு. பரிமாறும் தம்பிமாருக்கும் சொல்லி வையுங்கள். இரண்டு சொதி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, பிழிந்தது ஒன்று, பக்கற் ஒன்று. பிழிந்ததற்கு ஐம்பது ரூபாய் கூட்டிப் போடுங்கள். நூறு என்றாலும் தருகிறேன், என்னைப் போல வருகிறவர்களும் தருவார்கள்.