வில்சன் ‘தி டியூக்’ பந்து: ஒரு கிக்கரின் தந்தை எழுதும் மதிப்புரை

என் மகன் ஒகையோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் கிக்கராக இருக்கிறான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பயன்படும் அதே பந்து தனக்கும் வேண்டும் என்று அவன் சென்ற கோடையில் கேட்டபோது, வீட்டில் ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்கும் பந்துகள் போதாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. நூறு டாலருக்கு மேல் கொடுத்து வில்சன் நிறுவனத்தின் ‘தி டியூக்’ பந்தை வாங்கி, ஏறக்குறைய ஓராண்டு அதனுடன் பழகிய பிறகு இம்மதிப்புரையை எழுதுகிறேன். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த கிக்கர்கள் தொழில்முறை ஆட்டத்தில் தடுமாறுவதற்கு இந்தப் பந்துதான் காரணம் என்று பயிற்சி மைதானங்களில் ஒரு பேச்சு உண்டு. என் மகனும் அதை நம்பித்தான் கேட்டான். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்தே பார்த்துவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முட்டை வடிவப் பந்தைத் தரையில் ஒருவர் விரல் நுனியால் நிறுத்திப் பிடித்திருக்க, கிக்கர் ஓடிவந்து இரு கம்பங்களுக்கு நடுவே, பத்தடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக உதைத்து அனுப்பினால் அது ஃபீல்டு கோல், மூன்று புள்ளிகள். பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது டச்டவுன்; அதற்குப் பின் கிடைக்கும் அதே மாதிரியான உதைக்கு ஒரு புள்ளி. அது எக்ஸ்ட்ரா பாயின்ட். பந்து பின்னோக்கி வீசப்பட்டதிலிருந்து உதை விழும்வரை ஒன்றரை நொடிகூட ஆகாது.

இனி பந்துக்கு வருகிறேன். என்எஃப்எல்லுக்கு 1941 முதல் பந்து வழங்கிவரும் வில்சன் நிறுவனம், ஒகையோவின் ஏடா என்ற சிற்றூரில் உள்ள தன் தொழிற்சாலையில் இதைச் செய்கிறது. தோல் சிகாகோவின் ஹார்வீன் தோல் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது. பன்றித்தோல் என்று செல்லமாக அழைத்தாலும் இது சுத்தமான மாட்டுத்தோல். நான்கு துண்டுகளை உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, நீராவியில் இளக்கி, புரட்டியெடுத்து, நாடாவைக் கையால் கோக்கிறார்கள். நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர் ‘டியூக்’. பந்தின் பெயர் அவருடையதே. பல கல்லூரி அணிகள் பயன்படுத்துவது இதே நிறுவனத்தின் ஜிஎஸ்டி என்ற மாதிரி. (ஊரிலிருந்து பேசிய என் மைத்துனர் பந்துக்குப் போய் வரியின் பெயரை வைத்திருக்கிறார்களே என்று சிரித்தார், வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டைகள் டியூக்கில் இல்லை. சுற்றளவு விதிகளில் உள்ள வேறுபாடு அங்குலத்தின் கால் பங்குக்கு மேல் போகாது. எடையிலும் காற்றழுத்தத்திலும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே அளவில் வித்தியாசம் தேடுபவர் ஏமாந்துபோவார். வித்தியாசம் பந்தின் வயதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் வீடு முழுதும் புதுச்செருப்புக் கடையின் வாசனை அடித்தது. மேலே ஒரு வழுவழுப்பு; முனைகள் கூர்மையாக இருந்தன; கட்டை விரலால் அழுத்தினால் தோல் இம்மியும் அசையவில்லை. அன்று மாலை மைதானத்தில் மகன் தன் பழைய பந்தை உதைத்தபோது எழுந்த ஓசை கனத்த தலையணையில் குத்தியது போல இருந்தது. டியூக்கை உதைத்தபோது மரப்பலகையில் அறைந்த ஓசை கேட்டது. “கல்லை உதைச்ச மாதிரி இருக்குப்பா” என்றான். பழைய பந்தால் தாராளமாகக் கடக்கும் நாற்பத்தைந்து யார்டு தூரத்திலிருந்து புதிய பந்து குறுக்குச் சட்டத்தை எட்டாமல் இரண்டு முறை விழுந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல தோல் பந்து எதுவும் புதிதாக இருக்கும்போது இப்படித்தான் இருக்கும்; ஈரத் துணியாலும் தூரிகையாலும் பல நாள் தேய்த்து, நூற்றுக்கணக்கில் உதைத்த பிறகே தோல் இளகி, பந்து சற்றே பருத்து, கால் படவேண்டிய இடம் அகலமாகிறது.

கல்லூரி கிக்கருக்குக் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். அவன் அணி பந்தை ஆடும்போது அவன் அணியின் பந்துதான் களத்தில் இருக்கும். வாரம் முழுதும் பயிற்சியில் பழக்கிய பந்தையே சனிக்கிழமை உதைக்கலாம். என்எஃப்எல்லிலோ 1999ஆம் ஆண்டு முதல் உதைப்பதற்கென்றே ‘கே-பந்து’ என்று தனிப் பந்துகள் வந்தன. அதற்கு முன் கிக்கர்கள் பந்தைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டும் நீராவியில் வேகவைத்தும் பதப்படுத்தியதாகச் சுவையான கதைகள் உண்டு. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. முத்திரையிட்ட பெட்டியில் நடுவர்களிடம் வரும் புதுப்பந்தை ஆட்டத்தன்று சிறிது நேரம் தேய்க்க மட்டுமே அணியினருக்கு அனுமதி இருந்தது. 2007 ஜனவரியில் சியாட்டிலில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில், வெறும் 19 யார்டு உதைக்காகப் பந்தை நிறுத்த முயன்ற டாலஸ் அணியின் டோனி ரோமோவின் கையிலிருந்து அது வழுக்கியது. டாலஸ் 21-20 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அன்று கே-பந்தின் வழுவழுப்பைத் திட்டாதவர்கள் குறைவு.

ஆனால் 2025 பருவத்திலிருந்து கே-பந்துகளை முன்கூட்டியே வாங்கிப் பதப்படுத்திக்கொள்ள அணிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில் 68 யார்டு ஃபீல்டு கோல் அடித்து, ஜஸ்டின் டக்கர் 2021இல் வைத்திருந்த 66 யார்டு சாதனையை முறியடித்தார். பந்துப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கல்லூரி நட்சத்திரங்கள் இனித் தடுமாறமாட்டார்களா?

மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைதானத்தின் மேலும் பழி போட முடியாது. கம்பங்களுக்கு இடையிலான அகலம் இரண்டு ஆட்டங்களிலும் 18 அடி 6 அங்குலம்தான். பந்து வைக்கப்படும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் அது கம்பங்களின் அகலத்துக்கே சமம். அதாவது ஓரத்திலிருந்து சாய்கோணத்தில் உதைக்கவேண்டிய சங்கடம் கல்லூரி கிக்கருக்குத்தான் அதிகம். தொழில்முறை கிக்கர் எப்போதும் ஏறக்குறைய நேராகவே உதைக்கிறார்.

விடை எனக்குக் கிடைத்தது ரொபர்ட்டோ அகுவாயோவின் கணக்கில். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக மூன்று பருவங்கள் ஆடிய அவர், 198 எக்ஸ்ட்ரா பாயின்ட்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 78 ஃபீல்டு கோல் முயற்சிகளில் 69 வெற்றி. 40 யார்டுக்கு உட்பட்ட தூரத்தில் ஒரு தவறும் இல்லை. சிறந்த கல்லூரி கிக்கருக்கான லூ குரோசா விருது 2013இல் அவருக்குக் கிடைத்தது. கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். தாம்பா பே அணி தன் மூன்றாம், நான்காம் சுற்று வாய்ப்புகளைக் கைமாற்றிக்கொடுத்து, 2016 டிராஃப்டின் இரண்டாம் சுற்றிலேயே, 59ஆவது வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது. கிக்கருக்கு இவ்வளவு விலையா என்று பலரும் புருவம் உயர்த்தினார்கள். முதல் பருவத்தில் அவர் 31 முயற்சிகளில் 22 மட்டுமே அடித்தார். அடுத்த ஆகஸ்டில், பருவம் தொடங்கும் முன்பே, அணி அவரை விடுவித்துவிட்டது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் அவர் தவறவிட்டவை ஒன்பது. என்எஃப்எல்லில் ஒரே ஆண்டில் தவறவிட்டவையும் ஒன்பது. கல்லூரியில் தவறிய ஒன்பதும் 40 யார்டுக்கு அப்பால் நிகழ்ந்தவை. அங்கே அவர் கணக்கு 29 முயற்சிகளில் 20 என்றுதான் ஆகிறது. சிறிய தூரங்களின் குறையற்ற வெற்றி அந்தப் பலவீனத்துக்குத் திரைபோட்டு வைத்திருந்தது. அந்த 198 எக்ஸ்ட்ரா பாயின்ட்களும் 20 யார்டு உதைகள். என்எஃப்எல் 2015இலேயே அந்தத் தூரத்தை 33 யார்டாக நீட்டிவிட்டது; அகுவாயோ முதல் பருவத்தில் 34இல் இரண்டைத் தவறவிட்டார். கல்லூரிக் கணக்கேட்டில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் உதைகள் ஏராளம் என்பதைத் தேர்வாளர்கள் மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதனினும் பெரியது பொறுமையின் கணக்கு. கல்லூரியில் பிழை செய்தவனுக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. உதவித்தொகையோ படிப்போ ஓர் உதையால் போய்விடுவதில்லை. என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு ஒரு கிக்கர், ஆகமொத்தம் 32 வேலைகள். 2018 செப்டம்பர் 16 அன்று, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் புள்ளிகளைக் குவித்துவிட்டு வந்த டேனியல் கார்ல்சன், மின்னசோட்டாவுக்காக மூன்று ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். அவற்றில் இரண்டு கூடுதல் நேரத்தில். ஆட்டம் 29-29 என்று சமனில் முடிந்தது. அதே நாளில் 2016இன் லூ குரோசா விருதாளர் சேன் கொன்சாலஸ், கிளீவ்லாந்துக்காக இரண்டு ஃபீல்டு கோல்களையும் இரண்டு எக்ஸ்ட்ரா பாயின்ட்களையும் தவறவிட்டார். மறுநாள் இருவருக்கும் வேலையில்லை. கார்ல்சனுக்கு அது இரண்டாவது ஆட்டம்தான்! சில வாரங்களில் ரெய்டர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் மிச்சத்தில் அவர் 17இல் 16 அடித்தார். 2021இல் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த இருவரில் அவரும் ஒருவர். அதே கால், அதே பந்து. முதல் அணி மூன்று வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மாறாக, டிராஃப்டில் யாருமே சீண்டாத டக்கர் பத்தாண்டுகளுக்கு மேல் பால்டிமோரில் நிலைத்தார். பிராண்டன் ஆப்ரி கல்லூரியில் ஆடியது நம் ஊர்க் கால்பந்து. மென்பொருள் பொறியாளராக வேலைபார்த்த பிறகு டாலஸ் அணிக்கு வந்து, தொடக்கத்திலிருந்து 35 ஃபீல்டு கோல்களைத் தொடர்ச்சியாக அடித்தார். கல்லூரியின் சொகுசு எதுவும் அவர் காலுக்குத் தெரியாது.

எனவே டியூக் பந்தை வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. பள்ளி மாணவனுக்கு இது தேவையில்லை. அவன் இரண்டு அங்குல மேடையில் வைத்து உதைக்கிறான், அவனுடைய கம்பங்களும் அகலம். கல்லூரி கிக்கர் வாங்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் செயற்கைத் தோல் நகல் குறைந்த விலையில் கிடைக்கிறது. வாங்குமுன் அசல் தோல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய இணையக் கடை பந்தைக் காற்றில்லாமல் அனுப்பி, உடன் வரவேண்டிய ஊசியை மறந்துவிட்டது. அதற்காக இரண்டு மின்னஞ்சல்களும் பத்து நாட்களும் வீணாயின. தோலின் தரத்துக்கும் தையலின் உறுதிக்கும் முழு மதிப்பெண் தருவேன். ஓராண்டு அடிவாங்கியும் ஒரு நூல் பிரியவில்லை. ஒரே குறை விலை, அதுவும் ஒன்று போதாது என்பதால்.

ஏன் போதாது என்றால், முதல் பந்து இப்போது நன்றாக இளகி, மகனின் காலுக்கு அடங்கிவிட்டது. பயன் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அதனால் சென்ற மாதம் இன்னொன்று வாங்கி, தேய்க்காமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியின் முடிவில், அவன் களைத்திருக்கும்போது, அதை எடுத்து நாற்பத்தைந்து யார்டில் வைத்து ஒரே ஒரு உதைக்கு மட்டும் அனுமதிக்கிறேன். தவறினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். இதுவரை ஐந்து ஞாயிறுகளில் இரண்டு முறை அடித்திருக்கிறான்.