ஊழல் தடுப்புப் பயிற்சி: முதல் மணி நேரம் கொட்டாவி, அப்புறம் சூடு

அலுவலகத்தில் கட்டாயம் என்றதால்தான் இந்த ஆன்லைன் பயிற்சியில் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் 2003 ஐநா ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, ஐஎஸ்ஓ 37001 (லஞ்சத் தடுப்புக்கான சர்வதேசத் தரநிலை) என்று ஸ்லைடை அப்படியே வாசித்தார்கள், கொட்டாவிதான். அப்புறம் மாதிரி பில்களைக் கொடுத்துத் துருவச் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயமே. 50,000-க்கு மேல் போனால் மேலிட ஒப்புதல் வேண்டும் என்றால், அதைத் தவிர்க்க ஒரே சப்ளையருக்கு அடுத்தடுத்த நாளில் 49,500, 49,800 என்று உடைத்துப் போட்ட பில்கள், மூன்று கொட்டேஷனிலும் அதே எழுத்துப் பிழை (மூன்றையும் ஒரே ஆள் தயாரித்திருக்கலாம்), தன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும் என்று வருஷக்கணக்கில் லீவே போடாத கணக்காளர் (இப்படிப்பட்டவரை நல்லவர் என்றே நானும் நினைத்திருக்கிறேன்!). மோசடி அதிகம் சிக்குவது தணிக்கையில் இல்லை, யாராவது கொடுக்கும் துப்பில்தான் என்றார்கள். சரி, துப்புக் கொடுத்தவரைப் பழிவாங்காமல் காப்பது எப்படி? அதற்கு ஒரே ஒரு ஸ்லைடு. ஐந்துக்கு மூன்றரை.