'டு' போடுவதா, 'இங்' போடுவதா?

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வந்தால், அதற்கு முன்னால் 'டு' (to) போடுவதா, பின்னால் 'இங்' (-ing) சேர்ப்பதா என்பதில் குழப்பம் வரும். வான்ட், ஹோப், டிசைட் எல்லாம் 'டு' கேட்கும். என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட் 'இங்' கேட்கும். இவற்றை மனப்பாடம் செய்தால் போதும். இரண்டையும் ஏற்றுப் பொருளை மாற்றும் வினைகளில்தான் மன்னார்குடிப் பக்கம் நான் பார்க்கும் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

"வயல் மோட்டாரை மறக்காம நிறுத்திடு தம்பி" என்கிறார் அப்பா. வேலை இனிமேல்தான். அதனால் 'ரிமெம்பர் டு ஸ்விட்ச் ஆஃப்'. "நிறுத்துனது நல்லா ஞாபகம் இருக்குப்பா" என்கிறான் மகன். வேலை முடிந்தது. ஆகவே 'ஐ ரிமெம்பர் ஸ்விட்சிங் ஆஃப்'. ஃபர்கெட்டும் இப்படியே.

ஸ்டாப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது. 'ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் காபி' என்றால், கும்பகோணத்தில் வண்டியை நிறுத்தி டிகிரி காபி குடித்தார். 'ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் காபி' என்றால் காபியையே விட்டுவிட்டார். குடிக்க நின்றார், குடிப்பதை நிறுத்தினார் என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே பிடிபடும். 'குடிக்க' வந்தால் 'டு', 'குடிப்பதை' வந்தால் 'இங்'. பெரும்பாலும் இது கைகொடுக்கும்.

சஜஸ்ட் மட்டும் ஏமாற்றும். "தஞ்சாவூர் போகலாம்னு சொன்னார்" என்பதற்கு 'சஜஸ்டட் டு கோ' தப்பு, 'சஜஸ்டட் கோயிங்' சரி. ஆவலோடு எதிர்பார்ப்பதைச் சொல்லும் 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதிலும் கவனம் வேண்டும். அங்கே 'டு' இருந்தாலும் அடுத்து வருவது 'மீட்டிங்'தான், 'மீட்' அல்ல.