"நீரிழிவுப் பூனைத் தீனி" வாங்கி நான் பட்ட பாடு

எங்கள் பூனை கறுப்பனுக்குப் பதினொரு வயது. மாசி மாதம் அவனுடைய மணல் தட்டைச் சுற்றி எறும்பு மொய்க்கத் தொடங்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கிணற்றடி வாளித் தண்ணீரை ஓயாமல் நக்கினான். பின்னங்கால்களின் குதி நிலத்தில் படும்படி தாழ்ந்து நடந்தான். மிருக வைத்தியர் சோதித்தபோது இரத்தத்தில் சீனி 412. காலையும் மாலையும் ஒவ்வோர் அலகு இன்சுலின் ஏற்றத் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் எறும்புகள் குறைந்தன.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊசியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்கும். அந்த நேரம் பார்த்து முகநூலில் ஒரு விளம்பரம்: ஊசி வேண்டாம், மாப்பொருள் துளியும் இல்லாத தீனி, உணவாலேயே குணம். அழைத்தேன். பேசியவர் மிக மரியாதையான தம்பி. "டீச்சர், இன்றோடு ஊசியை நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் சீனி அடியோடு இறங்கிவிடும்" என்றார்.

அதில் பாதி உண்மை. நான் விழுந்ததும் அந்தப் பாதியில்தான். மாப்பொருள் குறைந்த உணவுக்கு மாறினால் இன்சுலினையும் குறைக்க வேண்டி வரலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை அளந்து பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு கிலோ 9,500 ரூபாய். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு வெறும் பிளாஸ்டிக் பொதி, அதில் பூனைப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர். உள்ளடக்கம் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, திகதி இல்லை. பார்த்தேன், பார்த்துவிட்டும் ஊசியை நிறுத்தி அதைப் போட்டேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஆறாம் நாள் இரவு அவன் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான். வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. காது ஓரத்தில் குத்தி இரத்தத்தைச் சீனி மானியில் வைத்தேன். எண்ணே வரவில்லை, அளவு கடந்துவிட்டது என்ற எழுத்து மட்டும் வந்தது. ஓட்டோ பிடித்துப் பாலத்தைக் கடந்து ஓடினோம். சிறுநீரில் கீற்றோன், அதாவது இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் நச்சுப் பொருள். மூன்று நாள் சேலைன் ஏற்றி மீட்டெடுத்தார்கள்.

வீடு திரும்பியதும் எனக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியை விழித்துக்கொண்டாள் (கொஞ்சம் பிந்தித்தான்). அந்தத் தீனியில் நாலு மணியை எடுத்து நுணுக்கி வெந்நீரில் ஊற வைத்தேன், கஞ்சியாக ஊதியது. ஆறிய பின் அயடீன் இரண்டு துளி விட்டேன். கருநீலம்! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அது மாப்பொருள் என்று. இப்படி மணி மணியாக வரும் வழக்கமான உலர் தீனியைச் சேர்த்துப் பிடிக்கவே பெரும்பாலும் ஓரளவு மாப்பொருள் வேண்டும். துளியும் இல்லை என்று இந்தத் தீனியைப் பற்றிச் சொன்னது பொய். சந்தையடிக் கடையில் கிலோக் கணக்கில் அள்ளி விற்கும் சாதாரணத் தீனியை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அதே மீன் வடிவம், அதே மூன்று நிறம்.

ஒழுங்கான பொதியில் புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் ஆகியவற்றின் வீதம் பெரும்பாலும் இருக்கும். ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் காபோவைதரேற்று (மாப்பொருளும் சீனியும் அடங்கியது) ஏறக்குறையத் தெரியும். 30, 10, 10, 4, 8 என்றிருந்தால் மிச்சம் 38. நீரிழிவுப் பூனைக்கு அது மிக அதிகம். வீதமே அச்சிடாத பொதியில் எதைக் கழிப்பது?

பணத்தைக் கேட்டேன். "பூனைக்கு வயது போய்விட்டது டீச்சர்" என்று பதில் வந்தது. அடுத்த அழைப்பை எடுக்கவில்லை.

இப்போது ஊசி தொடர்கிறது. தீனி, வைத்தியர் சொன்ன ஈர உணவு. அளப்பதும் வீட்டில்தான், ஏனென்றால் வைத்தியசாலை மேசையில் பயந்தாலே பூனைக்குச் சீனி ஏறிவிடும். சீனி திடீரென்று இறங்கித் தள்ளாடினால் பல் முரசில் தடவ ஒரு தேன் போத்தல் அலுமாரியில் இருக்கிறது. நேற்று 190.

மீதிப் பொதியை எறியவில்லை. மட்டக்களப்பில் வேறு யாருக்கும் அந்த ஸ்டிக்கரோடு தீனி வந்திருந்தால் ஒரு பிடி கொண்டு வாருங்கள். அயடீன் இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது.