ராயபுரம் நடையும் துணிப்பைப் புத்தகமும்

ஆறரைக்கு என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம். சென்னை ராயபுரம் ரயில் நிலைய வாசலில் பதினோரு பேர். கூட்டிப்போனவர் இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதி, தானே அச்சடித்து, துணிப்பையில் சுமந்து விற்கும் பெரியவர். நடைக்குக் காசு இல்லை, "பிடிச்சா ஒரு புக் வாங்குங்க" என்றார்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. காசிமேட்டுக்கு மீன் வாங்க இருபது வருடமாக இந்தத் தூண்களைத் தாண்டிப் போகிறேன். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்புறம் மாடிப் பூங்கா. அந்த மேடு பழைய நகரச் சுவரின் மிச்சமாம். சுவருக்காக வரி போடப் பார்த்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. "வரி வசூலாகல, பேரு மட்டும் வசூலாயிடுச்சு" என்று அவரே முதலில் சிரித்தார்.

புத்தகம் எப்படி? எழுத்து பொடி, படங்கள் கறுப்பாக அப்பிக்கிடக்கின்றன, ஒரு வரைபடம்கூட இல்லை. ஆனால் மசூலாப் படகு பற்றிய அத்தியாயத்துக்கே கொடுத்த காசு தகும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. துறைமுகம் வருவதற்கு முன் கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்தது அதுதான். என் தாத்தா படகுக்காரர். வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை.

கல்மண்டபம் அருகே ஒரு பாட்டி அவரை நிறுத்தி, பழைய கல்யாணப் படம் ஒன்றைக் கொடுத்தார். பெரியவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்த பிறகுதான் எங்களுக்கு டீ சொன்னார். நான் இரண்டு பிரதி வாங்கினேன்.