என்எஃப்எல் டிராஃப்ட்டா, என்பிஏ பிளேஆஃப்ஸா?
ஒண்ணு அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல டீம்கள் வரிசையா புது வீரர்களை தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி, இன்னொண்ணு அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கோட நாக்அவுட் கட்டம். ஏப்ரல் வந்தா ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும், எதப் பாக்குறதுன்னே தெரியாது. டிராஃப்ட்டுல ஏழு ரவுண்டு, மூணு நாள், பேர் வாசிக்கிறத தவிர ஒண்ணும் நடக்காது, ஆனா 2000ல 199வதா போன டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் (என்எஃப்எல் ஃபைனல்) ஜெயிச்சாரு, 2007ல முதல் ஆளா ரெய்டர்ஸ் டீம் எடுத்த ஜமார்கஸ் ரஸல் மூணே சீசன்ல காலி, அப்புறம் 2022ல கடைசியா 262வதா எடுத்த பிராக் பர்டி தன் டீம் நைனர்ஸை சூப்பர் பௌல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, அதனால டிராஃப்ட் அன்னைக்கே யார் நல்லா எடுத்தாங்கன்னு கிரேடு போடுறவங்கள பாத்தா சிரிப்புதான் வருது.

பிளேஆஃப்ஸ்ல இந்த ஜோசியமெல்லாம் கிடையாது. ஒரே டீமோட ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும், அவ்ளோதான். 2016ல லீக் சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸ் டீமே ஃபைனல்ல 3-1 லீடுல இருந்து கேவ்ஸ் டீம்கிட்ட கோட்டை விட்டாங்க. என் ஓட்டு பிளேஆஃப்ஸுக்கு, டிராஃப்ட் மறுநாள் ஹைலைட்ஸ் போதும்.